விளக்கு தின்னாத மின்சாரம்

மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில் ஈபி ஆள் வந்து ரீடிங் எடுத்துப் போன மறுநாள், அப்துல் ரசாக் பாய் நாகவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. பூந்தமல்லியில் டயர் கடை வைத்து, அதில் சேர்த்த பணத்தில் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பியவர். நாகவல்லி அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர். பதினோரு வருடத்துக்கு முன்னால் பெருக்கித் துடைக்க வந்தவள்தான். தண்ணீர் லாரிக்காரன் எப்போது வருவான், லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எந்தக் குழாயை இறுக்கி மூடினால் உடைந்துவிடும் என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும் என்று ஆன பிறகு, பாய் சாவிக்கொத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்.

"உக்காரும்மா" என்றார். மேஜை மேல் இரண்டு மின்சார பில்கள் இருந்தன. "லைட்டு கம்பெனி ராகேஷ் தம்பி இன்னா சொல்லுச்சு? எல்ஈடி போட்டா பில்லு பாதியாயிடும்னுச்சு. நீயும் பக்கத்துல நின்னு கேட்டே."

"ஆமா பாய்."

"இது பாதியா?"

நாகவல்லி இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். ஜனவரி பில்லில் 9,940 யூனிட். பொங்கல் விடுமுறையில் கட்டடத்தின் பொது இடங்களில் இருந்த நூற்றி நாற்பது பழைய டியூப்லைட்டுகளையும் கழற்றிவிட்டு எல்ஈடி போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இந்தப் பில்லில் 6,450 யூனிட். குறைந்திருக்கிறது. ஆனால் பாதி இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

"லைட்டு டூப்ளிகேட்டா இருக்கணும்" என்றார் பாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இல்லேன்னா ஒண்ணு. எல்ஈடிதானே, கரண்டு தின்னாதுன்னு நீங்கல்லாம் அணைக்காம வுட்டுடறீங்களோ?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. பல் ஆஸ்பத்திரி மூடும் நேரம் வரை காத்திருந்து, ஒவ்வொரு மாடியாக இறங்கி, ஸ்விட்சைத் தட்டிவிட்டுத்தான் அவள் தினமும் வீட்டுக்குப் போகிறாள்.

"பாத்துட்டு சொல்றேன் பாய்" என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

கட்டடத்துக்குத் திரும்பும்போது கோபம் ஆறிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று உள்ளே குடைய ஆரம்பித்தது. விளக்கு பொய் சொல்லவில்லை, நாமும் பொய் சொல்லவில்லை என்றால், அந்த மீதி கரண்டு எங்கே போகிறது?

இந்தக் குடைச்சல் அவளுக்குப் பழக்கமானதுதான். நாகவல்லி திருமழிசைத் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். கழனிகள் ஷெட்டுகளாக மாறியபோது அப்பா லோடுமேன் ஆனார். பத்தாவது முடித்ததும் அவளும் அங்கேயே ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். டியூப்லைட்டுக்குள் வைக்கிற சோக் செய்யும் கம்பெனி. மெஷினில் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி, காயவைத்து அடுக்குவது வேலை. ஒரு மாதம் போனதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. டியூப்லைட்டில் நாற்பது வாட் என்று போட்டிருக்கிறது. ஆனால் எரியும்போது இந்த சோக் தொட முடியாத அளவு சுடுகிறதே, அந்தச் சூட்டுக்கு ஆகும் கரண்டு யார் கணக்கில்?

சூப்பர்வைசரிடம் கேட்டாள். "கம்பியைப் பாத்து சுத்து" என்றார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் டெஸ்டிங்கில் இருந்த ஒருவர், பாவம் இத்தனை நாளாகக் கேட்கிறாளே என்று, ஒரு டியூப்லைட்டை மீட்டரில் மாட்டிக் காண்பித்தார். ஐம்பத்திரண்டு வாட் காட்டியது. அந்தப் பன்னிரண்டு வாட்டைக் கண்ணால் பார்த்த அன்று அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், அப்பாவிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாம் சொன்னாள். ஒருவருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆறு வருடத்தில் ஆர்டர் குறைந்து கம்பெனியை மூடினார்கள். அவள் வருத்தப்படவில்லை. வார்னிஷ் வாடை அவளுக்குத் தலைவலியைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் உத்தமனைக் கட்டிக்கொண்டு கரையான்சாவடிப் பக்கம் குடிவந்தாள். பிறகு இந்தக் கட்டடம்.

பொங்கலின்போது ராகேஷ் கொடுத்திருந்த கணக்குத் தாளை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ராகேஷ் அம்பத்தூரில் உள்ள ஒரு லைட் கம்பெனியின் பிரதிநிதி. முப்பது வயதுக்குள் இருக்கும், பேச்சில் கெட்டிக்காரன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தத் தாளை வரிவரியாகப் படித்தாள். பழைய விளக்கு நூற்றி நாற்பது, சரி. ஒவ்வொன்றும் ஐம்பத்திரண்டு வாட், அதுவும் சரி. சோக்கைச் சேர்த்துத்தான் போட்டிருக்கிறான். புதியது இருபது வாட். அதற்கடுத்த கட்டத்தில் விரல் நின்றது. நாளொன்றுக்கு விளக்கு எரியும் நேரம்: பதினெட்டு மணி.

பதினெட்டா?

மறுநாளிலிருந்து ஒரு வாரம், எந்த ஸ்விட்சைப் போட்டாலும் அணைத்தாலும் மணியை ஒரு நோட்டில் எழுதினாள். கார் நிறுத்தும் அடித்தளத்தில் அதிகம் எரியும். மாடிப்படியில் குறைவு. முகப்பு விளக்குகள் சாயங்காலம் மட்டும். பெருக்குகிற கமலம், "இன்னாக்கா, பரீட்சை எழுதுறியா?" என்று கேட்டாள். வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தாள். சராசரி பதின்மூன்று மணி நேரம்தான் வந்தது. இரண்டாம் தடவை போட்டாலும் பதின்மூன்றுதான்.

ராகேஷுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னாள். அவன் சண்டைக்குத் தயாராகவே வந்தான்.

"அக்கா, எங்க லைட்டு ஒரிஜினல். எந்த லேபுக்கு வேணா அனுப்புங்க. பாய் சும்மா பேசக்கூடாது."

"லைட்டு மேல எனக்கு சந்தேகமே இல்ல தம்பி. உன் பேப்பர் மேலதான். பதினெட்டு மணி நேரம்னு யார் சொன்னது உனக்கு?"

ராகேஷ் தாளைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாரும் சொல்லல. பில்லு ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். லிஃப்டு, தண்ணி மோட்டாரு ரெண்டுத்துக்கும் ரெண்டாயிரத்து நூறு கழிச்சேன். மீதி எல்லாம் லைட்டாத்தானே இருக்கணும்? அவ்ளோ யூனிட் வரணும்னா எத்தினி மணி நேரம் எரியணும்னு பாத்தேன். பதினெட்டு வந்துச்சு. கார் பார்க்கிங்ல்லாம் நாள் பூரா எரியுது, கரெக்ட்டாத்தான் இருக்கும்னு போட்டேன்."

"அப்போ நீ விளக்கைப் பாத்து கணக்கு போடல. பில்லைப் பாத்து விளக்கை எரிய வுட்டுக்கீறே."

அவன் சிரித்துவிட்டான். சண்டை அத்தோடு போயிற்று. அவள் நோட்டை அவன் முன்னால் வைத்தாள். பதின்மூன்று மணிக்கணக்கில் போட்டால் புதிய விளக்குகள் குறைத்திருக்க வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு யூனிட். குறைந்திருப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

"உன் விளக்கு சொன்ன வேலையைச் செஞ்சிட்டுது. ஆனா வேற ஒண்ணு கரண்டு தின்னுகினுகீது. ஞாயித்துக்கெழமை காலையில வா. கட்டடத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

ஞாயிறு காலை ஆறரைக்கு ராகேஷ் பைக்கில் வந்து இறங்கினான். மீட்டர் அறையில் பொதுமீட்டருக்கு எதிரே இருவரும் நின்றார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஆபீசுக்கும் தனி மீட்டர் உண்டு. லிஃப்ட், மோட்டார், நடைபாதை விளக்குகள் எல்லாம் இந்தப் பொதுமீட்டரில். அதன் முகத்தில் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். எண்ணூறு தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. பதினோரு வருடமாக அந்தப் பொட்டைப் பார்த்து வந்தவள், அந்த எழுத்தைப் படித்தது போன வாரம்தான்.

முதலில் எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தார்கள். பொட்டு படபடவென்று அடித்தது. பிறகு பெட்டியில் இருந்த ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தட்டினாள். நான்காம் மாடி. மூன்று. இரண்டு. படிக்கட்டு. அடித்தளம். லிஃப்ட். மோட்டார். கடைசி ஸ்விட்சும் இறங்கியதும் அறை இருட்டாயிற்று. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது பொட்டு அணைந்தே இருக்க வேண்டும்.

இருவரும் பார்த்தார்கள். பொட்டு மினுக்கியது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடியும் மினுக்கியது.

ராகேஷ் மொபைலில் ஒரு நிமிடம் வைத்தான். இருவரும் மனசுக்குள் எண்ணினார்கள்.

"இருவது" என்றான்.

"எனக்கும் இருவதுதான்."

இருட்டிலேயே அவன் கணக்குப் போட்டான். நிமிடத்துக்கு இருபது என்றால் மணிக்கு ஆயிரத்து இருநூறு. அதாவது ஒன்றரை யூனிட். நாளைக்கு முப்பத்தாறு. இரண்டு மாதத்துக்கு இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். அவனுடைய தாளில் அதிகமாக இருந்த அந்த ஐந்து மணி நேரத்துக்கும் நாளைக்கு முப்பத்தாறு யூனிட்தான் வந்தது.

"அக்கா, நான் லைட்டு தலையில கட்டுனது இதைத்தான்."

நாகவல்லிக்கு உள்ளுக்குள் ஒரு கிச்சுகிச்சு. யாரோ திருடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கட்டடம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாளே, அதற்குள் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்து கரண்டு குடித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று பார்த்தே ஆக வேண்டும்.

பழைய பில்களை எல்லாம் அவள் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினார்கள். ஜனவரியில் 9,940. நவம்பரிலும் கிட்டத்தட்ட அதேதான். செப்டம்பரில் 7,780. அதற்கு முன்னால் எல்லாம் எட்டாயிரத்துக்குள்.

"பாய் எல்ஈடி மாத்தணும்னு சொன்னது நவம்பர் பில்லு வந்தப்புறம்" என்றாள் நாகவல்லி மெதுவாக. "பில்லு ஏறிப்போச்சு, பழைய லைட்டுதான் காரணம்னாரு. அந்த ஏத்தத்துக்கும் லைட்டுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. செப்டம்பர்ல இன்னாவோ ஆகிக்கீது."

"செப்டம்பர்ல யாராவது புதுசா வந்தாங்களா?"

"யாரும் வரல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தங்க போனாங்க."

மீட்டர் பெட்டிக்கு மேலே, ஒட்டடைக்குள், பழைய காலத்துப் பீங்கான் ஃப்யூஸ் ஒன்று இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. செத்துப்போன இணைப்பு என்றே நினைத்திருந்தார்கள். ராகேஷ் ஏணி போட்டு ஏறி, அதிலிருந்து கிளம்பும் கம்பியை மீட்டர் வைத்துப் பார்த்தான். கரண்டு ஓடியது. கம்பி சுவரில் ஏறி, கீழ்த்தள நடைபாதையின் பொய்க்கூரைக்குள் புகுந்தது. அவன் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு மேலே போக, கீழே அவள் டார்ச்சோடு நடந்தாள். நடுவில் ஒரு இடத்தில் இணைப்பு கருகிப் பழுப்பேறியிருந்தது. "இன்னொரு வெயில் காலம் தாங்காது இது" என்றான் ராகேஷ்.

கம்பி கழிப்பறையைத் தாண்டி, கட்டடத்தின் பின்மூலையில் இருந்த ஆறாம் நம்பர் கடைக்குள் இறங்கியது. ஷட்டர் பூட்டியிருந்தது. முன்னால் பழைய டியூப்லைட் சட்டங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். நாகவல்லி அவற்றை நகர்த்திவிட்டு ஷட்டரில் உள்ளங்கையை வைத்தாள்.

வெயில் படாத பக்கம். காலை ஏழு மணி. இரும்பு வெதுவெதுவென்றிருந்தது. மார்கழிக் குளிரில் தெருப்பூனைகள் இரண்டு இந்த ஷட்டரை ஒட்டியே படுத்துக் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எதுவோ உறுமிக்கொண்டிருந்தது.

"ஆக்னஸ்க்கா கடை" என்றாள்.

ஆக்னஸ் தூத்துக்குடிக்காரர். கணவர் இல்லாதவர், நாலு வருடமாக அங்கே ஐஸ்கிரீமும் பிறந்தநாள் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தார். போன செப்டம்பர் மழையில் அவர் கடை மீட்டர் கருகிப் போனது. புது மீட்டர் வருகிறவரை சரக்கு உருகிவிடக் கூடாதே என்று, அப்போதிருந்த எலக்ட்ரீஷியன் பொதுமீட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தான், இரண்டு நாளைக்கு என்று. மறுநாளே ஊரில் ஆக்னஸின் தம்பிக்கு லாரி விபத்து. பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. எலக்ட்ரீஷியனும் அடுத்த வாரமே துபாய்க்குப் போய்விட்டான். வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வந்ததால் பாயும் அவசரப்படவில்லை. கம்பியை எல்லோரும் மறந்து போனார்கள்.

நாகவல்லி மீட்டர் அறைக்குத் திரும்பி வந்து பாய்க்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட அல்லாவே" என்றார் பாய். "மொதல்ல அந்த ஃப்யூஸைப் புடுங்கிப் போடும்மா."

ஏணியில் இரண்டு படி ஏறினால் ஃப்யூஸ் கைக்கு எட்டிவிடும். ராகேஷும் தலையாட்டினான், அதைப் பிடுங்கினால் அவன் சொன்ன பாதி நிரூபணமாகிவிடும். ஆனால் அவள் அதைத் தொடவில்லை.

"பாய், உள்ள இன்னா கீதுன்னு தெரியாம புடுங்க வேணாம். ஆறு மாசமா உறைஞ்சிகினு கெடக்குது. இந்த வெயில்ல நிறுத்துனா நாளைக்கே அழுகி நாறிடும். அந்தம்மா பொழைப்பே அதுக்குள்ளதான் கீது. ஒரே ஒரு நாள் குடுங்க, நான் பேசிப் பாக்கறேன். ஒரு நாளைக்கு முப்பத்தாறு யூனிட்டுதான்."

"ஆறு மாசம் ஓடிக்கீது. ஒரு நாள் ஓடட்டும்" என்றார் பாய்.

ராகேஷ் கருகிய இணைப்பை மட்டும் வெட்டிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

ஆக்னஸின் நம்பருக்கு நாலு தடவை அடித்தாள். மணி போனது; எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் உத்தமன் டீ குடித்துக்கொண்டே, "வாடகை கேக்கறதுக்குத்தான் கூப்புடுறேன்னு நெனைப்பாங்க. அதான் எடுக்கல" என்றான். அது சரியாகப் பட்டது. அவள் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்:

"ஆக்னஸ்க்கா, நான் நாகவல்லி. வாடகைக்குக் கூப்புடல. உங்க கடையில ஃப்ரீசர் இன்னும் ஓடினுகீது. அத்த சொல்லத்தான் கூப்புட்டேன்."

ஐந்து நிமிடத்தில் ஃபோன் வந்தது.

"ஓடுதா? எது ஓடுது?" ஆக்னஸ் கேட்டார். "நாகா, நல்லா பாத்தியா? ரெண்டு நாள் லைனுன்னுல்லா சொன்னான். மூணாம் நாளே கட் ஆயிருக்கும்னு நினைச்சேன்."

"காதை வெச்சிக் கேட்டேன்க்கா. மெஷின் சத்தம் வருது."

பிறகு ஆக்னஸ் சொன்னார். தம்பி நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஜனவரியில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டான். அப்போதே அவர் சென்னைக்கு வந்திருக்கலாம். ஆனால் வரவில்லை. நாலு பெட்டி நிறைய பாலும் கிரீமும் உருகி, அழுகி, புழு வைத்து, கட்டடமே நாறிப்போய்க் கிடக்கும், அந்த மெஷின்களை இனி தொடவே முடியாது, பாய் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒவ்வொரு வாரமும் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.

"ராத்திரி கனவுல அந்த ஷட்டரைத்தான் திறக்கேன் நாகா. திறக்க முன்னால முழிச்சுக்கிடுதேன்."

"நாறவே இல்லக்கா. அங்க தெனமும் துடைக்கிறவ நான். வாங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஆக்னஸ் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டிறங்கி நேராகக் கட்டடத்துக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். பாயும் வந்திருந்தார். ராகேஷும் ஆபீஸுக்குப் போகாமல் வந்து நின்றான். தனக்கும் பார்க்க வேண்டும் என்றான்.

ஆக்னஸ் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூட்டைத் திறந்தார். பூட்டு துரு ஏறி முரண்டு பிடித்தது. நாகவல்லியும் ராகேஷும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள்.

நாற்றம் வரவில்லை. அடுப்பைத் திறந்தது போல அனல் வந்து முகத்தில் அடித்தது. பூட்டிய அறைக்குள் நாலு ஃப்ரீசர்களும் ஆறு மாதமாக உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளித் தள்ளி அறையைக் காய்ச்சி வைத்திருந்தன. அறை காய்ந்ததால் அவை இன்னும் அதிகமாக உழைத்திருந்தன. கூரையில் மூன்று டியூப்லைட்டுகள், இரண்டு செத்துவிட்டன. மூன்றாவது ஓரங்கள் கறுத்துப் போய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் செப்டம்பர் காலண்டர்.

ஆக்னஸ் தலைப்பை எடுத்துவிட்டு முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே நாலு விரல் கனத்துக்குப் பனி அப்பியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். பனிக்கடியில் வரிசையாக டப்பாக்கள், அவர் அடுக்கி வைத்தபடியே இருந்தன. இரண்டாவது பெட்டியும் அப்படியே. மூன்றாவதில் தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று. அதை மெதுவாகப் பெயர்த்தெடுத்துத் திறந்தார். ஐஸ்கிரீம் கேக். மேலே சிவப்பு எழுத்தில் 'சுவேதா' என்றிருந்தது. பக்கத்தில் ஆறு என்ற எண்.

"இதைக் குடுக்காமலேயே போயிட்டேன்" என்றார் ஆக்னஸ். "அந்தப் பிள்ளையோட அப்பா அட்வான்ஸ்கூட குடுத்திருந்தாரு."

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். பாய் வெளியே போய் டீக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

சரக்கு எதையும் விற்க முடியாது, தேதி தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் அன்றைக்கே கணக்கெடுத்துக் கொட்டினார்கள். ஆனால் பெட்டிகள் நாலும் பழுதில்லாமல் இருந்தன. ராகேஷ் பீங்கான் ஃப்யூஸைத் தன் கையாலேயே பிடுங்கினான். கம்பியை முழுசாக இழுத்துச் சுருட்டினான். பொதுமீட்டரின் எதிரே போய் நின்று எல்லா ஸ்விட்சையும் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள் நாகவல்லி. சிவப்புப் பொட்டு ஒரு தடவைகூட மினுக்கவில்லை.

ஓடிப்போன யூனிட்டுக்கு என்ன செய்வது என்று ஆக்னஸே கேட்டார். எவ்வளவு ஆனாலும் மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன் என்றார்.

பாய் தாடியைத் தடவினார். "பாதி நீ குடு. பாதி என் தப்பு. என் கட்டடத்துல ஆறு மாசமா இன்னா ஓடுதுன்னு எனக்கே தெரியல. தெரியாம லைட்டு மேல பழி போட்டேன்." கொஞ்சம் தயங்கி, "உன் மேலயும்தான்மா" என்று நாகவல்லியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

புது மீட்டர் வர மூன்று வாரம் ஆயிற்று. ஏப்ரல் கடைசியில் ஆக்னஸ் கடையைத் திறந்தார். கத்திரி வெயிலில் மாடி டியூஷன் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். திறப்பதற்கு முந்தின நாள் பழைய ஆர்டர் நோட்டில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு சுவேதாவின் வீட்டுக்கு அவரே போய்வந்தார். அந்தக் குடும்பம் வேறெங்கோ மாறிப்போயிருந்தது.

மே மாத பில்லில் இரண்டு வாரக் கணக்கு ஃப்ரீசரோடு கலந்திருந்ததால் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஜூலை பில்தான் சுத்தமான பில். 4,290 யூனிட். பாதிக்கும் கீழே. பாய் அதைத் தன் டயர் கடையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிற கட்டடக்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அவர் சொல்லும் கதையில் எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் ஏறக்குறைய பாய்தான். நாகவல்லி அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

ராகேஷ் தன் கம்பெனியில் நடந்ததை அப்படியே சொன்னான். இப்போது புதிதாக ஒரு கட்டடத்துக்கு விளக்கு மாற்றுவதற்கு முன், மாதத்தில் இரண்டு ஞாயிறு நாகவல்லியைக் கூட்டிப்போகிறார்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். அவள் போனதும் விளக்கை எண்ணுவதில்லை. இரண்டு வருடத்துப் பழைய பில்களைக் கேட்கிறாள். எந்த மாதத்தில் ஏறியது, அந்த மாதத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று வாட்ச்மேனையும் பெருக்குகிறவர்களையும் விசாரிக்கிறாள். மேனேஜர்களை அவள் கடைசியாகத்தான் கேட்கிறாள். அவர்களுக்குக் கட்டடத்தைப் பற்றி அதிகம் தெரிவதில்லை என்பது அவள் அனுபவம்.

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தமே இல்லாத ஆடியில் பில் ஏறியிருந்தது. மேனேஜர் ஜெகதீஷ், "லைட்டை மாத்திட்டா சரியாயிடும்மா" என்றார். நாகவல்லி மண்டபத்தைச் சுற்றி வந்தாள். மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, வழிந்து, குழாய் வழியாகச் சத்தமில்லாமல் பின்பக்க வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரத்தில் யாரோ கீரை போட்டிருந்தார்கள், நன்றாகத் தழைத்திருந்தது. மோட்டாரை நிறுத்தும் மிதவை உடைந்து கிடந்தது.

அவள் கீழே வந்து சொன்னதும் ஜெகதீஷ் நம்பாமல் தானே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூச்சு வாங்கியபடி, "எத்தனை நாளா இது?" என்று கேட்டார்.

"கீரை மூணு அறுப்பு கண்டிருக்கு சார்" என்றாள் நாகவல்லி. "ரெண்டரை மாசம் இருக்கும்."